காட்டாறு யாருக்காகப் பெருகுகிறது?

திரைக்கதை: வாசகர் கேள்வி – பதில்

சாகசப் படம் எழுதுகிறவர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: சித்தர் ஒருவர் எழுதிய ஓலைச்சுவடியைத் தேடி நான்கு நண்பர்கள் பொதிகை மலைக்குப் போகிறார்கள். காட்டாற்று வெள்ளம், யானைக்கூட்டம், தேனீக்கள், இருட்டுக் குகை, கடைசியில் மண்சரிவு என்று பத்து நிமிடத்துக்கு ஓர் ஆபத்து வைத்திருக்கிறேன். கதை கேட்ட தயாரிப்பாளர், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா கனெக்ட் ஆகல" என்று சொல்லிவிட்டார். ஆபத்துகளை இன்னும் பெரிதாக்க வேண்டுமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: வேண்டாம். இருக்கிற ஆபத்துகளே ஒரு படத்துக்குத் தாராளம். நீங்கள் அனுப்பிய கதைச் சுருக்கத்தை முழுதாகப் படித்தேன். ஆறும் யானையும் நன்றாகவே இருக்கின்றன. குறை உங்கள் நாயகன் கதிரிடம்தான்.

கதிரைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "வயது 27. துணிச்சலானவன், நேர்மையானவன், நண்பர்களுக்காக உயிரையும் கொடுப்பான்." கல்யாணத் தரகர் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வது மாதிரி இருக்கிறது. யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். ஒரு காரியம் செய்து பாருங்கள். ஒவ்வொரு ஸீனிலும் கதிரை எடுத்துவிட்டு வேறொரு துணிச்சலான இளைஞனை அங்கே நிறுத்துங்கள். ஒரு வரிகூட மாறாமல் ஸீன் நடக்கிறதா? நடந்தால் அங்கே ஆறு இருக்கிறது, கயிறு இருக்கிறது, ஆள் இல்லை. கனெக்ட் ஆகவில்லை என்கிறவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் சொல்ல வராது. அவர்களுக்கு உள்ளே இடிப்பது இதுதான்.

1953-ல் ஆன்றி ஜார்ஜ் க்ளூஸோ எடுத்த 'தி வேஜஸ் ஆஃப் ஃபியர்' என்ற பிரெஞ்சுப் படத்தைத் தேடிப் பிடித்துப் பாருங்கள். தென்னமெரிக்காவில், வேலைவெட்டி இல்லாதவர்கள் வந்து சிக்கிக்கொண்ட ஒரு பாழூர். 300 மைல் தள்ளி ஓர் எண்ணெய்க் கிணறு எரிகிறது. வெடி வைத்துத்தான் அந்தத் தீயை அணைக்க முடியும். அதற்கான நைட்ரோகிளிசரினை இரண்டு லாரிகளில் ஏற்றி மோசமான மலைப்பாதையில் கொண்டுபோக வேண்டும். பலமாக ஒரு குலுக்கு விழுந்தால் லாரியும் இருக்காது, ஆளும் இருக்கமாட்டான். நாலு பேர் கிளம்புகிறார்கள், ஆளுக்கு 2000 டாலர் கூலி.

லாரி நகரவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. அந்த ஒரு மணி நேரமும் ஊரில் யார் யாருக்குப் பயப்படுகிறார்கள், யார் யாரிடம் ஒட்டிக்கொள்கிறார்கள் என்பதையே காட்டிக்கொண்டிருக்கிறார் க்ளூஸோ. ஜோ என்றொரு நடுவயதுக்காரன். ஊரே அவனைப் பார்த்து ஒதுங்குகிறது. இளைஞன் மரியோ அவனைக் குருவாக நினைத்துப் பின்னாலேயே சுற்றுகிறான். லாரியில் ஏறிய பிறகு ஜோவின் தைரியம் ஒவ்வொரு வளைவிலும் கழன்று விழுகிறது. பாதை எல்லோருக்கும் ஒன்றுதான். ஜோவை அது உடைக்கிறது, மரியோவைக் கல்லாக்குகிறது.

அதில் ஓர் இடம். முன்னால் போகிற லாரி கண்ணுக்குத் தெரியவில்லை. பின்னால் வரும் லாரியில் ஜோ காகிதத்தில் புகையிலையைப் பரப்பி சிகரெட் சுருட்டிக்கொண்டிருக்கிறான். திடீரென்று ஒரு காற்று வந்து காகிதத்தில் இருந்த புகையிலையை அள்ளிக்கொண்டு போகிறது. ஒரு வெளிச்சம். அவ்வளவுதான், முன்னால் போன இரண்டு பேரும் இல்லை. க்ளூஸோ அந்த வெடிப்பை ஜோவின் கையில் வைத்துக் காட்டுகிறார். அந்தக் கையைப் பற்றி ஒரு மணி நேரமாக நமக்குத் தெரியும் என்பதால் நம் வயிற்றைப் பிசைகிறது.

அடுத்து வருவது அதைவிடக் கொடுமை. வெடிப்பில் எண்ணெய்க் குழாய் உடைந்து பாதை நடுவே குட்டையாகத் தேங்கி நிற்கிறது. ஜோ உள்ளே இறங்கி வழிகாட்ட வேண்டும். அவன் கால் சிக்கிக்கொள்கிறது. லாரியை நிறுத்தினால் சேற்றில் புதைந்துவிடும், பிறகு எடுக்கவே முடியாது. மரியோ நிறுத்தவில்லை. குருவின் கால்மேலேயே ஏற்றிக்கொண்டு போகிறான். பிறகு இறங்கி ஓடிவந்து அவனைத் தூக்குகிறான். அங்கே மரியோவை எடுத்துவிட்டு வேறு யாரையாவது உட்காரவைத்துப் பாருங்கள், ஸீனே வேறாகிவிடும்.

சரி, உங்கள் ஆற்றுக்கு வருவோம். காரையாறுக்கு மேலே திடீர் வெள்ளம். காலையில் தண்ணீர் வடிந்துவிடும், இங்கேயே தங்கலாம் என்கிறார் காணி இனத்து வழிகாட்டி. கதிர் கேட்காமல் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்து நீந்தி அக்கரை சேர்கிறான். மற்றவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். கடைசி நண்பனின் கை நழுவுகிறது, கதிர் பாய்ந்து பிடிக்கிறான்.

கதிருக்கு ஒரே ஒரு குணம் மட்டும் கொடுத்துப் பார்ப்போம். 'தெரியாது' என்ற வார்த்தை அவன் வாயில் வராது. மலையேறும் முன் டீக்கடையில் பேச்சு வாக்கில், "நான் அப்பாகூட இந்த வழியா வந்திருக்கேன்" என்று சொல்லிவைக்கிறான். வந்ததே இல்லை. இப்போது ஆற்றங்கரையில் எல்லோரும் அவனைப் பார்க்கிறார்கள். "எந்த இடத்துல ஆழம் கம்மி?" கதிர் ஓர் இடத்தைக் கைகாட்டுகிறான். நண்பன் ஒருவன் அவனை நம்பி அங்கே இறங்கக் காலை எடுத்து வைக்கிறான்.

இந்த இடத்தில் கதிர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லலாம். சொல்ல முடியவில்லை. நண்பனைப் போகவிடவும் முடியவில்லை. அவனைத் தள்ளிவிட்டு, கயிற்றை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு தானே குதிக்கிறான். நீங்கள் எழுதிய அதே குதிதான், ஒரு ஷாட்கூட மாறவில்லை. நண்பர்கள் அதை வீரம் என்று நினைக்கிறார்கள். தியேட்டரில் இருக்கிறவனுக்கு மட்டும் தெரியும், சொன்ன பொய்க்கு ஓர் ஆள் உயிரை வைத்து வட்டி கட்டுகிறான் என்று. அக்கரையில் ஈரத்தைப் பிழிந்துகொண்டே வழிகாட்டி மெதுவாகக் கேட்கிறார்: "அப்பாகூட எந்த மாசம் தம்பி வந்தீங்க?" வெள்ளத்தைவிட கதிர் இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் பயப்படுவான்.

இதற்குப் பிறகு மற்ற ஸீன்கள் தாமாகவே வரிசையில் நிற்கும். குகையில் வழி இரண்டாகப் பிரியும்போது எல்லோரும் கதிரைத்தான் கேட்பார்கள். பாபநாசத்துக்கு மேலே களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாமல் நினைத்தபடி போகமுடியாது. அந்த அனுமதி இருக்கிறது என்று நண்பர்களிடம் சொன்னது யார்? அதுவும் கதிர்தான். தேனீ ஸீன் தானாகக் கழன்றுவிடும், ஏனென்றால் அதில் கதிருக்கு வேலை இல்லை. கிளைமாக்ஸில் மண்சரிவுக்கு நடுவே அவன் நண்பர்களைப் பார்த்து, "எனக்கு வழி தெரியாதுடா" என்று சொல்கிற இடம் படத்திலேயே பெரிய சாகசமாக இருக்கும்.

கேள்வி: இன்டர்வெல் பிளாக்கில் ஹீரோ அருவியிலிருந்து விழுகிறான். இது போதுமா?
– உதவி இயக்குநர், வளசரவாக்கம்

பதில்: விழுவது அவனுக்கு நடக்கிற விஷயம். அவன் செய்கிற விஷயம் ஒன்று அதற்கு முன்னால் வேண்டும். ஒரு கையில் மரக்கிளை, இன்னொரு கையில் இத்தனை நேரம் தேடி எடுத்த பை. பையை விட்டால் இரண்டு கையாலும் கிளையைப் பிடித்து ஏறிவிடலாம். அவன் எதை விடுகிறான் என்ற இடத்தில் இடைவேளை விடுங்கள். பாப்கார்ன் வாங்கும்போது ஜனங்கள் அருவியின் உயரத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள், "பையை விட்டுத் தொலைச்சிருக்கலாம்ல" என்று பேசுவார்கள்.

கேள்வி: 'ரைடர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்' படத்தில் இண்டியானா ஜோன்ஸ் இல்லாமல் இருந்தாலும் முடிவு அதேதான், நாஜிகள் பேழையைத் திறந்து செத்திருப்பார்கள் என்கிறார்களே. உண்மையா? அப்படியானால் கேரக்டர்தான் கதையை நகர்த்த வேண்டும் என்று நீங்கள் சொல்வது என்ன ஆவது?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: பலரும் சொல்கிற குறை இது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் பிளாட். 1981-ல் வந்த படம், கதை நடப்பது 1936-ல். பைபிளில் வரும் ஒரு புனிதப் பெட்டிதான் பேழை, அதைத் தேடித் தொல்லியல் ஆளான ஜோன்ஸும் நாஜிகளும் போட்டி போடுகிறார்கள். பேழை எங்கே புதைந்திருக்கிறது என்று சொல்லும் பதக்கம் நேபாளத்தில் மாரியன் என்ற பெண்ணிடம் இருக்கிறது. அதைப் பறிக்க வந்த நாஜி ஆள், நெருப்பில் காய்ந்த பதக்கத்தைப் பிடித்துக் கையைச் சுட்டுக்கொள்கிறான். உள்ளங்கையில் பதிந்த அந்தத் தழும்பை வைத்துத்தான் அவர்கள் தங்கள் பதக்கத்தைச் செய்கிறார்கள். தழும்பில் இருப்பதோ ஒரு பக்கம் மட்டும். பதக்கத்தை ஒரு கோலின் உச்சியில் பொருத்தித்தான் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கோலின் உயரத்தைக் குறைக்கச் சொல்லும் குறிப்பு மறுபக்கத்தில் இருக்கிறது. அதனால் அவர்கள் தப்பான இடத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் படித்துச் சரியான இடத்தைக் கண்டுபிடிப்பவன் ஜோன்ஸ். அவன் தோண்டி எடுத்த பிறகுதான் பேழை நாஜிகள் கைக்குப் போகிறது. ஆக, அவன் இல்லாவிட்டால் படம் இந்த மாதிரி முடிந்திருக்காது.

ஆனாலும் குறை சொல்கிறவர்கள் ஒன்றைச் சரியாகவே பார்த்திருக்கிறார்கள். கடைசியில் எதிரிகளை அழிப்பது ஜோன்ஸ் இல்லை, அவன் கம்பத்தில் கட்டப்பட்டு நிற்கிறான். இதை எழுதியவரின் பலவீனமாக நான் பார்க்கவில்லை. அங்கே கதை வேறோர் இடத்தில் முடிகிறது.

கிளம்பும் முன் பெட்டியை அடுக்கிக்கொண்டே, மந்திரம் மாயத்திலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை என்று நண்பரிடம் சொல்கிறவன் அவன். அவனுக்கு எதிராக, நாஜிகளுக்கு வேலை செய்கிற பெலாக். அவனும் தொல்லியல் ஆள், இவனை மாதிரியே பழம்பொருள் பைத்தியம். நீயும் நானும் ஒன்றுதான், சின்னதாக ஒரு தள்ளு தள்ளினால் நீ என் பக்கம் வந்துவிடுவாய் என்று கெய்ரோவில் முகத்துக்கு நேராகவே சொல்கிறான். பிறகு தீவில் ஜோன்ஸ் ஆயுதத்தைத் தோளில் வைத்து, மாரியனை விடாவிட்டால் பேழையைத் தகர்ப்பேன் என்று மிரட்டுகிறான். பெலாக் சிரிக்காத குறை. சுடு என்கிறான். ஜோன்ஸால் சுட முடியவில்லை. பேழைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அவனுக்கும் ஆசை, அது பெலாக்குக்குத் தெரியும். அந்த ஆசைதான் படம் முழுக்க அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது.

அப்படிப்பட்டவன் பேழை திறக்கும் நேரத்தில் கண்ணை மூடிக்கொள்கிறான். மாரியனையும் மூடச் சொல்கிறான். பெலாக் கண்ணைத் திறந்து பார்க்கிறான், பார்த்தவர்கள் எல்லோரும் சாகிறார்கள். ஒரே ஆசை கொண்ட இருவரில் ஒருவன் மட்டும் அதை அடக்குகிறான். வெளியே அவன் ஒன்றும் செய்யவில்லைதான். ஆனால் முதல் ரீலில் பார்த்த ஜோன்ஸ் கண்ணை மூடியிருக்கவே மாட்டான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1978 ஜனவரியில் ஜார்ஜ் லூகாஸ், ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், திரைக்கதை எழுதிய லாரன்ஸ் காஸ்டன் மூவரும் உட்கார்ந்து சில நாட்கள் பேசிய பேச்சு எழுத்தில் இருக்கிறது. நாயகனுக்கு அப்போது இண்டியானா ஸ்மித் என்றுதான் பெயர். நம் ஊர் டிஸ்கஷன் மாதிரியே, இது வைக்கலாம் அது வைக்கலாம் என்று ஓடுகிறது. இந்தப் படத்துக்காக யோசித்து இடமில்லாமல் போன சுரங்க வண்டித் துரத்தலையும், விமானத்திலிருந்து ரப்பர் படகில் குதிப்பதையும் 1984-ல் வந்த அடுத்த படத்தில் பயன்படுத்திக்கொண்டார்கள். துரத்தல் காட்சியை இப்படி ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கி வைக்கலாம், தப்பில்லை. கண்ணை மூடுகிற ஸீனை அப்படித் தூக்க முடியாது. உங்கள் ஸ்கிரிப்டில் தூக்க முடியாத ஸீன்கள் எத்தனை என்று பாருங்கள்.

கேள்வி: சாகசப் படங்களில் பெண்ணுக்குக் கத்துவதைத் தவிர வேலை இல்லை. என் கதையில் நாயகி ஒரு தொல்லியல் ஆய்வாளர். அவளுக்கு நன்றாகச் சண்டை போடத் தெரியும் என்று வைத்தால் சரியாகிவிடுமா?
– வாசகி, மதுரை

பதில்: கோபம் நியாயமானது. ஆனால் சண்டை போடத் தெரிவது ஒரு திறமை, அவ்வளவுதான். அவளுக்கு என்ன வேண்டும், அதற்காக எதுவரை போவாள் என்பது தெரிந்தால்தான் அவள் ஆளாவாள்.

1951-ல் ஜான் ஹூஸ்டன் எடுத்த 'தி ஆப்பிரிக்கன் குயீன்' பாருங்கள். முதல் உலகப்போர் தொடங்கிய நேரம், ஜெர்மானியர் வசமிருந்த கிழக்கு ஆப்பிரிக்கா. ரோஸ் (கேத்தரின் ஹெப்பர்ன்) மிஷனரியின் தங்கை, பிரார்த்தனைக் கூட்டத்தில் ஆர்கன் வாசிக்கிறவள். அண்ணன் இறந்துபோகிறான். சார்லி (ஹம்ஃப்ரி போகார்ட்) ஒரு ஓட்டைப் படகு வைத்திருக்கிற குடிகாரன். அந்தப் படகில் இருக்கிற வெடிமருந்தையும் ஆக்சிஜன் உருளைகளையும் வைத்து, ஏரியில் நிற்கிற ஜெர்மன் போர்க்கப்பலைத் தகர்க்கலாம் என்று யோசனை சொல்கிறவள் ரோஸ்தான். படத்தின் மொத்த பிளாட்டும் அவள் மூளையில் பிறந்தது. சார்லி ஒப்புக்கொள்கிறான், பிறகு குடித்துவிட்டு முடியாது என்கிறான், வாய்க்கு வந்தபடி அவளைத் திட்டுகிறான்.

மறுநாள் காலையில் அவன் தலைவலியோடு கண்ணைத் திறக்கிறான். ரோஸ் படகின் ஓரத்தில் உட்கார்ந்து அவனுடைய ஜின் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஆற்றில் கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். காலி பாட்டில் தண்ணீரில் மிதந்து போகிறது. அவள் கத்தவில்லை, அழவில்லை, அவன் பக்கம் திரும்பவே இல்லை. அதற்கப்புறம் அவனோடு பேசுவதையும் நிறுத்திவிடுகிறாள். ஒரு குண்டு வெடிக்கவில்லை, ஆனால் படகு எந்தப் பக்கம் போகப்போகிறது என்பது அங்கே முடிவாகிவிட்டது. இதற்குக் கராத்தே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சார்லிக்கும் ஓர் இடம் இருக்கிறது. நாணல் காட்டுக்குள் படகை இழுத்துக்கொண்டு தண்ணீரில் நடந்தவன் உடம்பெல்லாம் அட்டையோடு மேலே ஏறுகிறான். அட்டை என்றாலே அவனுக்கு நடுக்கம். அவற்றைப் பிடுங்கிப் போட்ட பிறகு, படகு நகர வேண்டுமென்றால் மறுபடி இறங்கித்தான் ஆகவேண்டும் என்று புரிகிறது. இறங்குகிறான். முதல் தடவை இறங்கியது பிளாட். இரண்டாவது தடவை இறங்குகிறவன் சார்லி.

முன்னால் சொன்ன மாரியனையும் கவனியுங்கள். அவள் நமக்கு அறிமுகமாவதே நேபாள மதுக்கடையில், ஒரு முரட்டு ஆளோடு போட்டி போட்டுக் குடித்து அவனைச் சாய்க்கிற இடத்தில். பின்னால் பெலாக்கின் கூடாரத்தில் சிக்கும்போது அதே வித்தையை எடுக்கிறாள். ஊற்றிக் கொடுத்து அவனைக் கவிழ்த்துவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறாள். அது அவன் குடும்பத்து மது, அதிலேயே வளர்ந்தவன் என்பதால் அவன் கவிழவில்லை. அவள் யார் என்பதில் பிறந்த திட்டம், அவன் யார் என்பதில் தோற்கிறது. உங்கள் ஆய்வாளரின் படிப்பையும் இப்படிப் பயன்படுத்துங்கள். கல்வெட்டைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சரி, வில்லன் துப்பாக்கியோடு நிற்கும்போது அவள் கல்வெட்டில் இருப்பதை அப்படியே படிப்பாளா, மாற்றிப் படிப்பாளா? மாற்றிப் படித்தால் ஓர் ஆய்வாளராக அவளுக்கு அது வலிக்குமே, அந்த வலியை எழுதுங்கள்.

கேள்வி: கதையை முதலில் யோசிக்க வேண்டுமா, கேரக்டரையா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: எது முதலில் தோன்றினாலும் சரி, ஒன்லைன் சொல்லும்போது இரண்டும் ஒரே வரியில் வந்துவிட வேண்டும். 1965-ல் பி.ஆர்.பந்துலு இயக்கிய 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தில் எம்.ஜி.ஆர் ஒரு வைத்தியர். காயம்பட்ட புரட்சிக்காரர்களுக்கு மருந்து போட்ட குற்றத்துக்காக அடிமையாக விற்கப்படுகிறார், பிறகு கடலுக்குப் போகிறார். வைத்தியர் என்பதை எடுத்துவிட்டால் கப்பலே கிளம்பாது.

கேள்வி: காட்டில் நடக்கிற கதை என்பதால் பழங்குடி மக்கள் வருகிறார்கள். அவர்களை எழுதும்போது என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகர், கோத்தகிரி

பதில்: நாயகனுக்கு வழி சொல்லிவிட்டு இரண்டாம் பாதியில் செத்துப்போவதற்காக மட்டும் ஒரு பழங்குடி மனிதரைக் கூட்டி வராதீர்கள். நம் படங்களில் இது வழக்கமாகிவிட்டது, எனக்கு மனது பொறுக்கவில்லை. அவருக்கும் இந்தப் பயணத்தில் ஒரு தேவை இருக்கட்டும். பள்ளிக் கட்டணமோ, காணாமல் போன மாடோ, வந்தவர்கள் எதையும் எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள்வதோ, எதுவாகவும் இருக்கலாம். அவர் "இதுக்கு மேல நான் வரமாட்டேன்" என்று சொல்கிற ஓர் இடத்தையாவது எழுதுங்கள். பயத்தால் சொல்லவில்லை, அவருடைய கணக்கில் அது சரியில்லை என்பதால் சொல்கிறார். அதை எழுத அந்த ஊரில் போய்க் கொஞ்ச நாள் இருந்து பேசிவிட்டு வாருங்கள்.

கேள்வி: ஹீரோவின் அப்பா காட்டில் இறந்ததை எட்டு நிமிட பிளாஷ்பேக்காக வைத்திருக்கிறேன். கேரக்டருக்கு ஆழம் வந்துவிட்டது என்கிறார்கள் நண்பர்கள். உங்கள் கருத்து?
– வாசகர், சேலம்

பதில்: எட்டு நிமிடமும் ஒரு சோகத்தைச் சொல்கிறது. அந்தச் சோகம் இன்று அவனை என்ன செய்யவைக்கிறது என்று உங்கள் ஸ்கிரிப்டில் எங்கும் இல்லை. அப்பாவைக் காட்டில் பறிகொடுத்தவன் காட்டைக் கண்டு நடுங்கலாம், காட்டின்மேல் வெறி கொள்ளலாம், யாரையும் தனியாகப் போகவிடாமல் நச்சரிக்கலாம். எது என்று முடிவு செய்யுங்கள்.

முதல் பதிலில் சொன்ன பிரெஞ்சுப் படத்தில் முன்னால் போகிற லாரியில் இரண்டு பேர் இருக்கிறார்கள். லூயீஜி கொத்தனார். சிமென்ட் தூசி நுரையீரலை அரித்துவிட்டது, அதிக நாள் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பிம்பா நாஜிகளின் உப்புச் சுரங்கத்தில் வேலை செய்து பிழைத்து வந்தவன். இரண்டு பேர் கதையும் பேச்சில் சில வரிகளோடு முடிந்துவிடுகிறது, பிளாஷ்பேக் கிடையாது. வழியை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய பாறை கிடக்கிறது. ஏற்றி வந்த நைட்ரோகிளிசரினிலேயே கொஞ்சம் எடுத்து, பாறையில் துளை போட்டு ஊற்றுகிற வேலையைப் பிம்பா செய்கிறான். அவன் கை அசையாமல் இருப்பதைப் பார்க்கும்போது அந்தச் சுரங்கம் முழுவதும் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

எட்டு நிமிடத்தையும் எடுத்துவிடுங்கள். நாயகன் காட்டுக்குள் முதல் ராத்திரி தங்குகிற ஸீனை மறுபடி எழுதுங்கள். எல்லோரும் படுத்த பிறகு அவன் மட்டும் எழுந்து ஆட்களை எண்ணட்டும். யாராவது "என்னடா பண்ற?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, தூங்கு" என்று சொல்லட்டும். அப்பாவைப் பற்றிய வரி நாலு ஸீன் கழித்து வந்தால் போதும்.